மணற்பாதையில் ஐந்து சைக்கிள்கள்

சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாள்களும் பல வீடுகளில் எவ்வாறு கழிகின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். கந்தோர் அலுப்புத் தீரப் பெரியவர்கள் உறங்குவர். பிள்ளைகள் ரியூஷன் வகுப்புகளுக்கு ஓடுவர். எஞ்சிய நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் கைத்தொலைபேசியுடன் அமர்ந்திருப்பர். எமது வீடும் இதற்கு விலக்கன்று. எங்கேனும் போய்வருவோம் என்ற பேச்சு எழுந்தாலும், வாகன வாடகையையும் விடுதிச் செலவையும் கணக்கிட்டு முடிப்பதற்குள் அப்பேச்சு தானாகவே அடங்கிவிடும்.

2018ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம், பதின்மூன்று வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, சைக்கிளுகளையும் கோச்சியிலை ஏத்திக்கொண்டு போனால் என்ன?" என்றாள். எட்டு வயதுத் தம்பி உடனே எழுந்து நின்றான். எமது துணைவியார் சைக்கிளில் ஏறி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அவரும் புன்னகைத்தார். அறுபத்தெட்டு வயதான எமது தந்தையார் மட்டும் ஒன்றும் பேசாது கொல்லைப்புறம் சென்று, தமது பழைய ரலி சைக்கிளின் தூசியைத் துடைக்கத் தொடங்கினார். அவ்வாறுதான் எமது மன்னார்ப் பயணம் ஆரம்பமாயிற்று. அதன் கதையோடு, எமது பிழைகளிலிருந்து பெற்ற சில குறிப்புகளையும் இங்கே தருகின்றோம்; நாளை இத்தகைய பயணமொன்றுக்கு ஆயத்தமாகும் குடும்பத்தினருக்கு அவை உதவக்கூடும்.

பிள்ளைகளோடு தார்வீதியை விட்டு விலகிச் சைக்கிளோட்ட விரும்புவோர், இடத்தைத் தெரிவுசெய்யும்போது மூன்று விடயங்களைக் கவனிக்கவேண்டும். பயணம் தொடங்குமிடத்திலும் முடியுமிடத்திலும் புகையிரத நிலையம் இருத்தல் வேண்டும். லொறிகளும் பஸ் வண்டிகளும் விரையாத பாதை இருத்தல் வேண்டும். வழியில் களைத்தால் தண்ணீரும் நிழலும் மனித முகமும் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். மலைநாட்டுக்குப் போகலாமென்றால், ஏற்றத்தில் சின்னவனுக்கு மூச்சு முட்டும். அநுராதபுரத்துக் குளக்கட்டுகள் நல்லனவே. ஆயினும் அவற்றைப் பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகள் பார்த்திருந்தனர். ஈற்றில் எமது விரல் வரைபடத்தின் வடமேற்கே, கடலுக்குள் நீண்டுகிடக்கும் மன்னார்த் தீவில் போய் நின்றது.

மன்னார்த் தீவில் மேடில்லை. மன்னாரிலிருந்து தோட்டவெளி, பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரையில் புகையிரதப் பாதை தீவின் நீளத்துக்கும் ஓடுகின்றது. அதற்குத் துணையாக நெடுஞ்சாலையும் செல்கின்றது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகர் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பேசாலை அதன் நடுவில் உள்ளது. நெடுஞ்சாலைக்கு இருபுறமும் பனங்கூடல்களுக்கும் குடிமனைகளுக்கும் இடையே மணல் ஒழுங்கைகள் பல. இனி முடியாது என்ற நிலை வந்தால், நெடுஞ்சாலைக்கு வந்து பஸ் வண்டிக்குக் கைகாட்டலாம். புகையிரதங்கள் நாளொன்றுக்குச் சிலவே என்பதால், அருகில் நிலையம் உண்டு என்று மட்டும் நம்பிவிடலாகாது.

இப்பாதைக்குப் பெருங் கதையொன்று உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவை 1914ஆம் ஆண்டு தொடங்கியது. கொழும்பில் புகையிரதமேறி, தலைமன்னாரில் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னை போவது அக்காலத்தில் சாதாரணம். அதனைப் 'போட் மெயில்' என்று முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்துபோயிற்று. 1984ஆம் ஆண்டு அதுவும் நின்றது. போர்க்காலத்தில், 1990ஆம் ஆண்டு, புகையிரதமும் நின்றது. 2013இல் மடு வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. எமது தந்தையார் 1973ஆம் ஆண்டு, இருபத்துமூன்று வயது இளைஞராக, தம் தாயாரை இராமேஸ்வரத்துக்கு அழைத்துச் சென்றது இவ்வழியாலேயே. அதன்பின் அவர் தலைமன்னாரைக் கண்டதில்லை.

காலத்தைத் தெரிவதும் இடத்தைத் தெரிவதைப் போன்றே முக்கியமானது. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழை. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று ஓங்கி வீசும். தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டுகிடப்பதால், வாடையாயினும் சோளகமாயினும் காற்று சைக்கிளின் பக்கவாட்டிலேயே மோதும். அக்காற்றின் வலிமையை அறிய விரும்புவோர், தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு நிறுவிமுடித்த முப்பது காற்றாலைகளைப் பார்த்தாற் போதும். மாசி மாதமே நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கோடை தொடங்கியிராது, பூநாரைகள் முதலாய வலசைப் பறவைகளும் நீர்நிலைகளை விட்டு நீங்கியிரா.

சைக்கிள்களைக் கொண்டுசெல்வது எவ்வாறு? புகையிரத நிலையத்தின் பொதிகள் கருமபீடத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பே விசாரித்தோம். சாமான் பெட்டி இணைத்த வண்டியில் மட்டுமே ஏற்றலாம் என்றும், எல்லா வண்டிகளிலும் அப்பெட்டி இல்லை என்றும் கூறினர். ஆகவே, நாம் ஐவரும் புறப்படுவதற்குச் சில நாள் முன்னதாகவே ஐந்து சைக்கிள்களையும் பொதிகளாக அனுப்பினோம். கைப்பிடியைத் திருப்பிச் சட்டத்தோடு கட்டி, மிதிகளைக் கழற்றிச் சிறு பையிலிட்டு, பெயரெழுதிய அட்டையை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிவிடுவது நலம். நேரசூசியும் விதிகளும் மாறக்கூடியவை. போகுமுன் நேரில் விசாரிப்பதே உத்தமம்.

திட்டத்தைத் தாளில் எழுதும்போதே வீட்டில் மனத்தாங்கல் ஒன்று உண்டாயிற்று. தந்தையாரின் வயதை எண்ணி, அவருக்கென முச்சக்கர வண்டியொன்றை அமர்த்த எண்ணியிருந்தோம். அதைத் தாளிற் கண்ட அவர், "பதினைஞ்சு மைல் சைக்கிளோடி வேலைக்குப் போய் வந்தவன் நான், தம்பி" என்று மட்டும் சொல்லி எழுந்து சென்றார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாட் காலையில், எம்மைக் கேளாமலே, மகள் அவ்வரியை அடித்துவிட்டு, 'அப்பப்பா: ரலி' என்று எழுதியிருந்தாள். நாம் அதனை மாற்றவில்லை. ஆயினும், இக்குழுவில் பிந்தப் போகிறவர் அவரே என்ற எண்ணம் எம் மனத்தை விட்டு அகலவில்லை.

வெள்ளிக்கிழமை இரவுப் புகையிரதத்தில் ஏறினோம். பாணும் சம்பலும் கட்டிக் கொண்டுபோயிருந்தோம். மதவாச்சியில் பிரியும் கிளைப்பாதை 106 கிலோமீற்றர் ஓடித் தலைமன்னாரை அடைகின்றது. பிள்ளைகள் உறங்கினர், தந்தையார் உறங்கவில்லை. விடியுமுன்பே இறங்குதுறை நிலையத்தில் இறங்கி, வெளிச்சம் வரும்வரை வாங்குகளிற் காத்திருந்தோம். கிழக்கு வெளுத்ததும், கப்பல் கட்டிய அப்பழைய துறையை நோக்கித் தந்தையார் தனியே நடந்தார். நாம் சற்றுப் பின்னே சென்றோம். கடலைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றவர், "அம்மா கடலுக்குப் பயந்தவ. நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினனான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை.

எமது தாளின்படி ஆறரை மணிக்குப் புறப்பட்டு, தீவின் மேற்கு முனைக்கு மணற்பாதையாற் சென்று, இராமர் அணையின் மணற்றிட்டிகள் தொடங்கும் திசையைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அத்திட்டிகள் 2015ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாகக் காக்கப்படுவன. அங்கே செல்வோர் உரிய அனுமதி பெறவேண்டும். நாமோ கரையிலிருந்து பார்ப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தோம். ஆனால், சைக்கிள்களைப் பொறுப்பேற்று, கைப்பிடிகளை நேராக்கி, மிதிகளைப் பூட்டி, காற்றடித்து, காலை உணவும் முடித்துப் புறப்பட எட்டரை மணியாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தை இழந்திருந்தோம். அறிவுடையவன் தாளிலிருந்தும் இரண்டு மணி நேரத்தை வெட்டியிருப்பான். நாம் வெட்டவில்லை.

கொழும்பில் ஞாயிறு காலைகளில் வெறிச்சோடிய வீதிகளிலே பயிற்சி செய்திருந்தோம். எட்டு வயதுப் பையன் தார்வீதியில் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினான். அதே கணக்கை மணலுக்கும் போட்டது எமது அடுத்த பிழை. காய்ந்த மணலில் சில்லு புதையும், பத்துக் கிலோமீற்றர் நாலாகும், நாலு நடையாகும். ரயரின் காற்றைச் சற்றே இறக்கினால் அது விரிந்து மணலின்மேல் நிற்கும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கைப்பிடியை இறுகப் பிடியாது, இடைவிடாமல் மிதிக்கவேண்டும். முன் பிறேக்கைத் தொடலாகாது. புதைந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. அலை நனைத்த கரைமணல் இறுகியது, ஓடச் சுகமானது. ஆனால் உப்பு நீர் செயினை அரித்துவிடும். அன்று மாலையே நல்ல தண்ணீரிற் கழுவி எண்ணெய் இடவேண்டும். உடைமரத்து முள்ளோ எந்த ரயரையும் துளைக்கும். ஆளுக்கொரு ரியூப் மேலதிகமாகக் கொண்டுசெல்வது நன்று.

திட்டத்தை எழுதியவர் என்ற முறையில் நாம் முன்னே சென்றோம். பின்னால் மகள், அவளுக்குப் பின் துணைவியார். தந்தையாரின் ரலி சைக்கிளுக்கு ஒடுங்கிய ரயர். அது ஓரிடத்தில் முற்றாகப் புதைந்துபோகவே, அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். சின்னவனும் இறங்கி அவரோடு நடந்தான். இடைவெளி நீண்டது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இரு சிறு உருவங்கள் அசைவது தெரிந்தது. 'எதிர்பார்த்ததுதானே, அப்பா பிந்துகிறார்' என்று எண்ணிக்கொண்டு மேலும் மிதித்தோம். நேரம் பத்தரையைத் தாண்டியது. பனைகள் குறைந்தன, மணல் கண்ணைக் கூசச் செய்தது. முனை அதோ தெரிகின்றது, இன்னும் கொஞ்சந்தான் என்று தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து தந்தையார் உரத்துக் கூப்பிட்டார். அவர் அவ்வாறு கூப்பிட்டு நாம் நெடுங்காலமாகக் கேட்டதில்லை. ஓடிச் சென்று பார்த்தோம். சின்னவன் மணலில் இருந்தான். முகம் முதலிற் சிவந்திருந்து இப்போது வெளிறியிருந்தது. தலையிடிக்கிறது என்றான், வயிற்றைப் பிரட்டுகிறது என்றான், பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டான். வாய் ஓயாத பிள்ளை அவன். அவனது தண்ணீர்ப் போத்தல் எப்போதோ காலியாகியிருந்தது. தண்ணீரின் பெரும்பகுதி முன்னே சென்ற எமது சைக்கிளின் பையில் இருந்தது.

"பத்து நிமிஷம் நிழலிலை இருத்திவிட்டு, மெல்ல முனைக்குப் போய் வருவமே?" என்று கேட்டோம். இன்று அதை எழுத நாணமாக இருக்கின்றது. தந்தையார் எம்மை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு மணற்றிட்டியைப் பாக்கவேணும். எனக்கு என்ரை பேரனைப் பாக்கவேணும். சைக்கிளைத் திருப்பு, தம்பி" என்றார்.

திருப்பினோம். பையனைத் தந்தையாரும் நாமும் மாறிமாறித் தூக்கினோம். அண்மையில் தெரிந்த கிடுகு வேய்ந்த மீன்வாடி ஒன்றில் நிழல் கிடைத்தது. அங்கிருந்த அம்மையார் ஒருவர், யார் எவரென்று கேட்குமுன்பே பாயை விரித்தார். மண்பானைத் தண்ணீரில் சேலைத் தலைப்பை நனைத்து அவனது கழுத்திலும் நெற்றியிலும் ஒற்றினார். துணைவியாரின் பையில் ஜீவனிப் பொதி இருந்தது. அதைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கினோம். உளறலோ, மயக்கமோ, ஓயாத வாந்தியோ காணப்பட்டால் நிழலில் வைத்துப் பார்த்திராது வைத்தியசாலைக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதை அறிந்திருந்தபடியால், அவன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அரை மணி நேரத்துக்குப் பின் அவன் பானையைக் காட்டி, "இது ஏன் குளிருது?" என்று கேட்டான். அக்கேள்வியின் இனிமையை எவ்வாறு எழுதுவது? அம்மையார் அவன் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியை வைத்தார். பணம் கொடுக்க முயன்றபோது, "பிள்ளைக்குத் தண்ணி குடுத்ததுக்கும் காசோ?" என்று கடிந்துகொண்டார்.

அன்று மாலை தங்கிய வீட்டு முற்றத்தில், எமது தாளை எடுத்துத் தந்தையாரின் முன் வைத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை அணிந்து, மகளின் பேனையை வாங்கி, ஞாயிற்றுக்கிழமையைத் திருத்தி எழுதினார். முப்பது கிலோமீற்றர் பதினைந்தாயிற்று: பேசாலை வரை மட்டும் சைக்கிள், அப்பால் பஸ் வண்டி. பையன் காலையில் முற்றாகத் தேறியிருந்தால் மட்டுமே அதுவும். வெயில் ஏறுமுன் ஓட்டம் முடியவேண்டும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், அவரவர் சைக்கிளிலேயே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறங்கிக் குடிக்கவேண்டும். கடைசியாக ஒன்று எழுதி, அதன்கீழ் கோடிட்டார்: 'முன்னுக்குச் சின்னவன். கடைசியில் தகப்பன்.'

அவ்வொரு வரி எமது பயணத்தையே மாற்றிவிட்டது. வலியவன் முன்னே சென்றால் மெலியவன் அவனை எட்டிப்பிடிக்க ஓடி ஓடியே ஓய்வான். மெலியவன் முன்னே சென்றால் வலியவன் காத்திருக்கக் கற்பான். பின்னால் விழுந்தவர் யாரென்று தேடவேண்டியதில்லை. காலையில் நன்கு தேறியிருந்த சின்னவன், தளபதியைப் போல முன்னே சென்றான். கழுதைக் கூட்டத்தைக் கண்டால் நின்றான், நாமும் நின்றோம். முதல்நாள் முன்னே விரைந்தபோது நாம் ஒரு கழுதையையேனும் கண்டதாக நினைவில்லை. மன்னாரின் கழுதைகளை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர்; அவை யாருக்கும் அஞ்சாமல் வழியை மறித்து நின்றன. பனங்கூடல்களின் நிழலில், ஒழுங்கை மணல் இரவுப் பனியில் இறுகிக் கிடந்தது. பேசாலையை அடையும்போது ஒன்பது மணியாகவில்லை. தார்வீதியென்றால் ஒன்றரை மணி நேரமாகும் தூரம் அது. எமக்கு மூன்று மணி நேரமாயிற்று. ஒருவரும் களைக்கவில்லை.

அங்கிருந்து சைக்கிள்களை ஒரு லான்ட் மாஸ்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் பஸ் வண்டியில் மன்னார் சேர்ந்தோம். பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தைப் பிள்ளைகள் கைகோத்துச் சுற்ற முயன்றனர். அதன் அடி 19 மீற்றருக்கும் மேற்பட்ட சுற்றளவுடையது. நாம் ஐவரும் கைகோத்தும் பாதியை எட்டவில்லை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் மதிலில் மாலைக் காற்று வாங்கினோம். சைக்கிள்களைப் பொதியாக ஒப்படைத்துவிட்டு, இரவுப் புகையிரதமேறி, திங்கட்கிழமை விடியற்காலையில் வீடு வந்தோம். பிள்ளைகள் பாடசாலைக்குச் சற்றுத் தாமதமாகவே போயினர்.

மேற்கு முனையை நாம் பார்க்கவில்லை. இராமர் அணை அங்கேயே இருக்கின்றது. இன்னொரு நாள் பார்க்கலாம். பயணத்தைத் திட்டமிடும் அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: வரைபடத்தில் தூரத்தை அளக்குமுன் உங்கள் வீட்டிலுள்ள மிகச்சிறிய சைக்கிளை அளந்துகொள்ளுங்கள். இழந்த நேரத்தைத் திட்டத்திலும் கழித்துவிடுங்கள். திரும்பும் இடத்தையும் நேரத்தையும் புறப்படுமுன்பே குறித்து வையுங்கள். களைத்த பின் அதைத் தீர்மானிப்பது கடினம். முதியவர்களைச் சுமையென்று எண்ணி முச்சக்கர வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். மெல்ல வருபவர்களே வழியிலுள்ளதைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

எமது பழைய தாள் இன்னும் வீட்டில் இருக்கின்றது. அதன் பின்புறத்தில் தந்தையார் பென்சிலால் அநுராதபுரத்துக் குளக்கட்டுகளை வரைந்து வைத்திருக்கின்றார். தலைப்பில், வரிசையின் முதலிடத்தில், சின்னவனின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது.